மேற்குச் சாலையின் ஆலைகளும் ஓய்வூதிய நியாயமும்

பாடியிலிருந்து மேற்கே புறப்பட்டு, அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு திருவள்ளூர் வரை செல்லும் நெடுஞ்சாலையின் பேருந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பவருக்கு, ஏரிகளின் பெயர்களோடும் கோயில்களின் பெயர்களோடும் தொழிற்சாலைகளின் பெயர்களும் கலந்து வருவது விளங்கும். பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று நடத்துனர் குரல் கொடுக்கும் பெயர்களில் சில இன்றும் இயங்கும் ஸ்தாபனங்களைக் குறிப்பவை. சில, ஸ்தாபனம் அழிந்த பிறகும் ஜனங்களின் வாயில் நிலைத்துவிட்டவை. டன்லப் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஓர் ஆலை அழிந்தால் அதன் இயந்திரங்களை ஏலத்தில் விற்கலாம், நிலத்தைக் கூறு போடலாம், கணக்குப் புத்தகங்களைக் கோர்ட்டில் ஒப்படைக்கலாம். ஆனால் அங்கே இருபதும் முப்பதும் ஆண்டுகள் மூன்று ஷிப்டிலும் உழைத்துத் தேய்ந்த மனிதனின் முதுமையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி இச்சாலையோரம் பலமுறை எழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு நம் நாடு எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த விடையைச் சொல்லிற்று என்பதை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி ஆலைகளோடு பிறந்ததன்று. அதற்கு முன்பே, ஆலைகள் இல்லாத காலத்தில், இதே மேற்குப் பகுதியில் அது தோன்றிவிட்டது. பூந்தமல்லி, கிழக்கிந்தியக் கும்பெனியாரின் நாளில் ஒரு படைநிலையமாக விளங்கிற்று. சிறு கோட்டை ஒன்றும், நோய்வாய்ப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்கி உடல் தேறும் இடமும் அங்கே இருந்தன. போரில் அங்கம் இழந்தும், இந்நாட்டுச் சுரத்தினால் உடல் குலைந்தும் சேவையிலிருந்து விலக்கப்பட்ட அத்தகைய படைவீரர்களின் ஜீவனத்துக்காக 1770-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் ஒரு நிதியை ஏற்படுத்தினார். வங்காளத்து நவாபு மீர் ஜாபர் தமக்கு மரணசாசனத்தில் விட்டுச் சென்ற ஐந்து லட்சம் ரூபாயை மூலதனமாகக் கொண்டு, கும்பெனியாரின் பொறுப்பில் அவர் அதை வைத்தார். ஆனால் ஒரு நிபந்தனையையும் சேர்த்து எழுதினார்: கும்பெனி என்றைக்காவது தன் சொந்தப் படையை வைத்திராத நிலை வருமானால், அம்மூலதனம் தம் வாரிசுகளுக்கே திரும்பவேண்டும்.

அந்த நாளும் வந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து, 1858-இல் இந்திய ஆட்சி கும்பெனியின் கையிலிருந்து மகாராணியாரின் கைக்கு மாறிற்று. உலகிலேயே மிகப் பெரிய எஜமான ஸ்தாபனங்களுள் ஒன்று, படையும் பரிவாரமும் இழந்து வெறும் பெயரளவில் எஞ்சிற்று. கிளைவின் வாரிசுகள் தங்களுக்குரிய மூலதனத்தைத் திருப்பித் தரவேண்டுமென்று வழக்குத் தொடுத்தார்கள். 1863-இல் லண்டன் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. கும்பெனியின் கடன்களையும் கடமைகளையும் இந்திய வருமானத்தின் மீது சட்டம் ஏற்றி வைத்திருந்தபடியால் பழைய படைவீரர்கள் நடுத்தெருவில் நிற்க நேரவில்லை என்பது உண்மையே. ஆயினும், அங்கவீனர்களுக்கென்று தனியே ஒதுக்கிய மூலதனமும்கூட, எஜமானன் மறைந்த மறுகணம் பிறர் கைக்குப் போய்விடக்கூடும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது. நிதி யாருடைய பெயரில் இருக்கிறது, எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்பதே அந்திம காலத்தில் எல்லாவற்றையும் நிச்சயிக்கிறது.

இரண்டாவது பாடத்தைச் சென்னை நகரம் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி கற்றது. அன்று அர்பத்நாட் கம்பெனி பணப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டது. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும், விதவைகளும், கோயில் தர்மகர்த்தாக்களும், மிராசுதார்களும் வெள்ளைக்காரக் கம்பெனியின் நாணயத்தை நம்பிப் போட்டு வைத்திருந்த சேமிப்பெல்லாம் ஒரு காலை வேளையில் கரைந்தன. அதன் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடன்கொடுத்தோரின் சார்பாக வாதாடிய வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதே நெருக்கடியில் ஆட்டங்கண்ட பின்னி கம்பெனியைப் பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கே கைக்கொண்டு நிமிர்த்தினார். கம்பெனி நிமிர்ந்தது, வங்கி பிறந்தது, தலைவர் சிறை சென்றார். ஆனால் முதுமைக்கென்று சேர்த்ததை இழந்தவர்களுக்கு இம்மூன்றாலும் முழுப் பரிகாரம் கிடைக்கவில்லை. தண்டனை வேறு, ஈடு வேறு என்பதை அந்தத் தலைமுறை தெரிந்துகொண்டது.

அவர்களெல்லாம் சேமிக்கும் சக்தி படைத்தவர்கள். சேமிக்க எதுவுமே மிஞ்சாத கூலித் தொழிலாளியின் முதுமையைப் பற்றிய பேச்சு, 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பிறகுதான் பொது மேடையில் ஏறியது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காக பி.பி. வாடியாவும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று நடத்திய அச்சங்கம், முதலில் கூலிக்காகவும் ஓய்வு நேரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் போராடிற்று. 1921-ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தில் பெருந்துன்பம் அடைந்தது. முதுமைப் பாதுகாப்பு அன்றைய எஜமானனின் தயவில் விடப்பட்டிருந்தது. நல்ல எஜமானன் சிறிது கொடுப்பான், மற்றவன் கொடுக்கமாட்டான். இந்தத் தயவைச் சட்டமாக்குவதற்குச் சுதந்திரம் வரவேண்டியிருந்தது.

1951 நவம்பரில் அவசரச் சட்டமாகவும், 1952-இல் முழுச் சட்டமாகவும் வந்த தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம், சிமெண்டு, சிகரெட், பொறியியற் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், நூல் நெசவு ஆகிய ஆறு தொழில்களோடு தொடங்கிப் படிப்படியாக மற்றவற்றுக்கும் விரிந்தது. தொழிலாளியின் கூலியிலிருந்து ஒரு பங்கும், எஜமானன் கைப்பொருளிலிருந்து அதற்கு ஈடான ஒரு பங்கும் மாதந்தோறும் ஒரு பொது நிதியில் சேரவேண்டும் என்பதே அதன் சாரம். பி.எஃப். என்று ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும் வழங்கும் அந்த இரண்டு எழுத்துக்களின் மூலம் அதுதான். எஜமானன் கடனாளியாகிவிட்டால் அவன் கட்டவேண்டிய நிதிப் பாக்கி மற்றக் கடன்களுக்கு முந்தியது என்று அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு அன்றைக்கே சொல்லி வைத்தது. அப்பிரிவின் முழுப் பொருளை நீதிமன்றங்கள் எடுத்துரைப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

சட்டம் பிறந்த மூன்றாம் ஆண்டில், 1955 ஜனவரியில், ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே நாட்டின் இலட்சியம் என்று தீர்மானித்தது. அத்தீர்மானம் நிறைவேறிய பந்தலைச் சுற்றி அன்று பெரும்பாலும் வயலும் ஏரியும் யுத்தகாலத்து இராணுவக் கட்டிடங்களுமே இருந்தன. பத்தே ஆண்டுகளில் அந்நிலத்தின் தோற்றம் மாறிவிட்டது. 1949-லேயே அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தாரின் சைக்கிள் ஆலை தோன்றியிருந்தது, 1959-இல் டன்லப் கம்பெனியின் டயர் ஆலை எழுந்தது, 1961-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965-ஆம் ஆண்டு இறுதியில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது, பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தின் ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. 1960-களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாகி, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு இடம் தந்தது. இவற்றுள் பல, காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தின் அடையாளங்கள். செங்கற்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்த இளைஞர்கள், நிலத்தின் நிச்சயமின்மையை விட்டு மாதச் சம்பளத்தின் நிச்சயத்தை நாடி இங்கே குடியேறினார்கள்.

அவர்கள் நாடிய நிச்சயம் ஒரே தன்மையதன்று என்பதை இங்கே கவனிக்கவேண்டும். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தவன் மத்திய சர்க்காரின் ஊழியன். அவன் ஓய்வுபெற்றால், கடைசிச் சம்பளத்தை ஒட்டிக் கணக்கிட்ட பென்ஷன் அரசாங்க கஜானாவிலிருந்து ஆயுள் முழுவதும் வரும். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். மூன்று நான்கு மைல் கிழக்கே அம்பத்தூரில் தனியார் ஆலையில் சேர்ந்தவனுக்குச் சேமநல நிதியும், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் பதினைந்து நாள் சம்பளமாகிய கிராஜுட்டியும்தான் கைக்கு வருபவை. மாதந்தோறும் வரும் பென்ஷன் என்பது அவனுக்கு 1995-ஆம் ஆண்டு வரை கிடையாது. 1971-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டமும், தொழிலாளி சேவையில் இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு உதவுவதற்காக ஏற்பட்டதே. ஆயினும் அம்பத்தூர்த் தொழிலாளி தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணவில்லை. டன்லப் என்பது உலகறிந்த பெயர். நியூமாடிக் டயரின் சரித்திரத்தோடு கலந்த பெயர். வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள சாகஞ்சில் 1936 முதல் டயர் செய்துவந்த கம்பெனி. விமானச் சக்கரங்களுக்கான டயரும் அம்பத்தூரில் உருவாயிற்று. அத்தகைய கம்பெனி மறையக்கூடும் என்று எவரும் கனவிலும் கருதவில்லை.

மறைவு ஒரே நாளில் நிகழவுமில்லை. 1980-களின் நடுவில் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனியே சிதைந்து, அதன் இந்தியப் பங்குகள் கைமாறின. மனு சாப்ரியாவும் ஆர்.பி. கோயங்காவும் சேர்ந்து வாங்கிய நிர்வாகம் பின்னர் சாப்ரியாவின் கைக்கே வந்தது. 1998-இல் டன்லப் நோயுற்ற நிறுவனமாகித் தொழில், நிதிப் புனரமைப்பு வாரியத்தின் வாசலை மிதித்தது. ஆலை நிற்பதும், மறுபடி சிறிது ஓடுவதும், மீண்டும் நிற்பதுமாகக் காலம் கழிந்தது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் பவன் ருயாவின் குழுமம் கம்பெனியை வாங்கியபோது புத்துயிர் பற்றிய நம்பிக்கை துளிர்த்து, சில ஆண்டுகளில் வாடிற்று. 2011-இல் சாகஞ்சில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. கடன்கொடுத்தோர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுக, 2013-இல் கம்பெனியைக் கலைத்துவிடும்படி ஆணை பிறந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996-லேயே மூடப்பட்டுவிட்டன. இவ்வாறு, சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் தொழிலாளர் வாழ்வுக்குப் பெயர் கொடுத்த இரண்டு பேராலைகள் ஒரு தலைமுறைக்குள் இல்லாமற்போயின.

ஆலை கலைக்கப்படும்போது அதன் சொத்தை யார் யார் எந்த வரிசையில் பெறுவது என்பதில்தான் தொழிலாளியின் முதுமை அடங்கியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்த புதிதில், அடமானம் பெற்ற வங்கிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பின் எஞ்சியதிலிருந்து, நான்கு மாதத்துக்கு மேற்படாத கூலியும் அதுவும் ஒரு சிறு தொகைக்கு உட்பட்டே தொழிலாளிக்கு முன்னுரிமையாகக் கிடைத்தது. எஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. கம்பெனியைக் கலைக்கலாமா என்று நீதிமன்றம் விசாரிக்கும்போதும், பங்குதாரனுக்கும் கடன்கொடுத்தவனுக்கும் பேச இடமிருந்தது. வாழ்நாளைக் கொடுத்த தொழிலாளிக்குப் பேச இடமில்லை.

இந்த அநியாயத்தின் முதல் கட்டு தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் அறுந்தது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது. தேசிய நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்துக்கும் பி.ஆர். ராமகிருஷ்ணனுக்கும் இடையிலான வழக்கில், 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி பகவதி முதலியோரின் பெரும்பான்மைத் தீர்ப்பால், கம்பெனியைக் கலைக்கும் விசாரணையில் தங்களையும் கேட்கவேண்டுமென்று கோரத் தொழிலாளருக்கு உரிமையுண்டு என்று அறிவித்தது. மூலதனம் போட்டவனைப் போலவே உழைப்பைப் போட்டவனும் அந்த ஸ்தாபனத்தில் உரிமையுள்ளவன் என்பது அத்தீர்ப்பின் அடிநாதம். அதே மாதம் 17-ஆம் தேதி, நகாரா வழக்கில், அதே நீதிமன்றம் பென்ஷன் என்பது எஜமானன் மனமிரங்கிக் கொடுக்கும் தானமன்று, செய்து முடித்த சேவைக்கு உரிய பாத்தியதை என்று சொல்லிற்று. ஓய்வூதியர்கள் இன்றும் அத்தேதியைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு தீர்ப்பு தனியார் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது, மற்றது சர்க்கார் ஊழியரைப் பற்றியது. எனினும் இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரே நியாயம் துலங்கும். ஓய்வூதியம் என்பது தொழிலாளி முன்பே சம்பாதித்து, பிற்காலத்தில் பெறுவதற்காக விட்டுவைத்த கூலி. அது எஜமானனுடைய சொத்தாக ஒரு நாளும் இருந்ததில்லை.

1985-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த 529-ஏ என்னும் பிரிவு, சேமநல நிதி, பென்ஷன், கிராஜுட்டி ஆகியவை உட்பட்ட தொழிலாளர் பாக்கியை அடமானம் பெற்றுக் கடன்கொடுத்தோருக்குச் சமமான வரிசையில் ஏற்றி வைத்தது. நோயுற்ற தொழில் நிறுவனங்களுக்கான சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் பின்னதன் பலன் பல இடங்களில் எதிரிடையாக முடிந்தது: வாரியத்தின் முன் விசாரணை நடக்கும் வரையில் கடன் வசூல் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன, விசாரணையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது, ஆலை உயிரோடும் இல்லாமல் இறந்தும் போகாமல் கிடந்த அந்த இடைக்காலத்தில் இயந்திரம் துருப்பிடித்தது, வட்டி ஏறிற்று, தொழிலாளிக்கு வயதும் ஏறிற்று.

அந்த இடைக்காலம் ஓய்வூதியத்துக்கு இழைத்த தீங்கைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், எஜமானன் பங்கிலிருந்து 8.33 சதவிகிதத்தை எடுத்து ஒரு பொது ஓய்வூதிய நிதியில் சேர்க்கிறது. மத்திய சர்க்கார் 1.16 சதவிகிதம் சேர்க்கிறது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். இதில் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: முதலில் 5,000 ரூபாய், 2001 முதல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். உதாரணமாக, 1995 இறுதியிலிருந்து 2011 இறுதி வரை பதினாறு ஆண்டுகள் இடையறாது வேலை செய்த ஒருவருக்கு, 6,500 ரூபாய் வரம்பில், முன்சேவைக்கான சிறு தொகை நீங்கலாக, மாதம் 1,486 ரூபாய் வரும். ஆனால் லே-ஆஃபும் கதவடைப்புமாகச் சம்பளமில்லாமல் கழிந்த காலம் சேவையாகக் கணக்கில் ஏறுவதில்லை. அப்பதினாறில் மூன்று ஆண்டுகள் அவ்வாறு கழிந்திருந்தால் தொகை 1,207 ரூபாயாகக் குறையும். ஐம்பத்தெட்டு வயதுக்கு முன்பே வேறு வழியின்றிப் பென்ஷன் கேட்டால், முந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு சதவிகிதம் வெட்டு. ஆலை மூடியது தொழிலாளியின் குற்றமன்று. ஆயினும் அதன் தண்டனை அவன் ஆயுளின் கடைசி மாதம் வரையில், அவனுக்குப் பின் அவன் மனைவியின் ஆயுள் வரையிலும், சூத்திரத்தின் வழியே தொடர்கிறது. குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் விதித்தார்கள். இன்றைய விலைவாசியில் அது ஒரு முதியவரின் மருந்துச் செலவுக்கே போதுமா என்பதை வாசகர்களே அறிவார்கள்.

அம்பத்தூர் டன்லப் தொழிலாளிக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. கம்பெனியின் பதிவு அலுவலகம் கல்கத்தாவில். கலைப்பு நடவடிக்கை கல்கத்தா உயர் நீதிமன்றத்தில். சொத்துக்கெல்லாம் பொறுப்பாளர் அந்நீதிமன்றத்தைச் சார்ந்த அதிகாரபூர்வ லிக்விடேட்டர். திருமுல்லைவாயிலில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் ஒரு முதியவர் தமக்கு வரவேண்டிய கிராஜுட்டிக்கும் சம்பளப் பாக்கிக்கும் ஆயிரம் மைலுக்கு அப்பால், தமக்குத் தெரியாத பாஷை வழங்கும் நகரத்தில், மனுச் செய்து உரிமையை நிரூபிக்கவேண்டியிருந்தது. 2016-இல் மேற்கு வங்க சட்டசபை, டன்லப்பையும் ஜெஸ்ஸப் என்ற இன்னொரு கம்பெனியையும் அரசே எடுத்துக்கொள்ள மசோதாக்கள் நிறைவேற்றியது. தன் மாநிலத்துத் தொழிலாளருக்கு மாதந்தோறும் கருணைத் தொகை அளிக்கவும் முன்வந்தது. அது போற்றத்தக்க செயலே. ஆனால் ஒரே கம்பெனியின் முத்திரை பதித்த அடையாள அட்டையை வைத்திருந்த இரு தொழிலாளருள், ஹூக்ளிக் கரையில் இருந்தவனுக்கு ஒரு கதியும் கூவம் கரையில் இருந்தவனுக்கு வேறு கதியும் நேர்வது, முதுமைப் பாதுகாப்பு மாநில சர்க்கார்களின் கருணையில் தொங்கக்கூடாது என்பதற்குச் சான்றாகிறது.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பெருந்துயரங்கள் நேர்ந்தபோது அங்குள்ளோர் செய்தது என்ன என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து சவுத் பெண்ட் நகரத்தில் மோட்டார் வண்டிகள் செய்துவந்த ஸ்டூடிபேக்கர் கம்பெனி, 1963 டிசம்பரில் அவ்வாலையை மூடுவதாக அறிவித்தது. அறுபது வயதைக் கடந்தவர்களும் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுமாக ஏறத்தாழ 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட சுமார் 4,000 பேருக்கு உரியதில் 15 சதவிகிதமே கிடைத்தது. அவர்களினும் இளைஞரான சுமார் 2,900 பேருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நிதியில் பணம் போதாததே காரணம். அந்த அநுபவம் பதினோர் ஆண்டு விவாதத்துக்குப் பின் 1974-ஆம் ஆண்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமாகக் கனிந்தது. ஓய்வூதியத் திட்டம் நடத்தும் ஒவ்வொரு கம்பெனியும் பிரிமியம் கட்ட, மறைந்த கம்பெனியின் ஓய்வூதியத்தை ஒரு வரம்பு வரை தானே கொடுக்கும் உத்தரவாதக் கழகம் ஒன்று அச்சட்டத்தால் அமைந்தது. பிரிட்டனில் 1991-இல் ராபர்ட் மாக்ஸ்வெல் இறந்த பிறகு, அவருடைய பத்திரிகைத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து நாற்பது கோடி பவுனுக்கு மேல் கையாடப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2002-இல் கார்டிப் நகரத்து ஏ.எஸ்.டபிள்யூ. எஃகாலை வீழ்ந்தபோது பல்லாண்டு நிதி செலுத்தியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 2005 ஏப்ரலில் அங்கும் ஓய்வூதியப் பாதுகாப்பு நிதி தோன்றிற்று. இரு நாடுகளிலும் சட்டம் வந்தது அழிவுக்குப் பின்தான். ஆனால் வந்த பிறகு, எஜமானன் மறைந்தாலும் நிற்கக்கூடிய ஒரு தூண் கிடைத்துவிட்டது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வேறொரு வழியில் முன்னேறியது. அதன் 36-ஆவது பிரிவு, சேமநல நிதி, ஓய்வூதிய நிதி, கிராஜுட்டி நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்கு வரவேண்டியவை, கலைக்கப்படும் கம்பெனியின் சொத்திலே சேரவே சேரா என்று சொல்கிறது. கடன்காரர்களின் வரிசையில் தொழிலாளிக்கு எத்தனையாவது இடம் என்ற பழைய வாதத்தை அது இந்த மூன்று வகையில் ஒழித்துவிட்டது. அப்பணம் வரிசைக்கே வெளியில் நிற்கிறது. மோசர் பேயர் தொழிலாளர் வழக்கில் 2019-இல் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை உறுதிப்படுத்திற்று. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களுடைய சேமநல நிதி, கிராஜுட்டிப் பாக்கிகளை முழுமையாகக் கொடுக்கவேண்டுமென்று அதே தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கூற, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 1982-ஆம் ஆண்டில் தத்துவமாகச் சொன்னது நாற்பது ஆண்டுகளில் விதியாயிற்று.

ஆயினும் இவ்விதியில் ஒரு பெரும் பொத்தல் இருக்கிறது. நிதி ஒன்று இருந்தால்தானே அதைக் கம்பெனிச் சொத்திலிருந்து விலக்கி வைக்கமுடியும்? எஜமானன் நிதியே ஏற்படுத்தாமலோ, பிடித்த பணத்தைக் கட்டாமலோ போயிருந்தால் விலக்கி வைப்பதற்கு என்ன இருக்கிறது? லான்கோ இன்ஃப்ராடெக் கம்பெனி பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கிராஜுட்டிக்கென்று தனி நிதி இல்லாத இடத்தில் அதைக் கொடுக்கும்படி லிக்விடேட்டருக்கு உத்தரவிட முடியாது என்று அதே தீர்ப்பாயம் கருதியது. ஓர் எஜமானன் நல்ல நாளில் செய்த தவறு, அவனுடைய கெட்ட நாளில் தொழிலாளியின் தலையில் விடிகிறது என்பதுதான் இதன் தாத்பரியம். சம்பளத்தில் பிடித்த சேமநல நிதிப் பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று நம் குற்றவியல் சட்டமே சொல்கிறது. ஆலை தள்ளாடத் தொடங்கும்போது முதலில் நிற்பது மின்சாரக் கட்டணமும் அன்று, மூலப்பொருள் விலையும் அன்று. அவற்றை நிறுத்தினால் இயந்திரம் உடனே நிற்கும். நிதியைக் கட்டாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நிற்பதில்லை. அதனால்தான் தள்ளாடும் எஜமானர்களின் கை முதலில் அதன்மீது படுகிறது.

ஆவடியிலும் இப்பொழுது ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு அரசுக் கம்பெனிகள் பிறந்தன. கனரக வாகனத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் என்னும் கம்பெனியின் கீழ் வந்தது. ஊழியர்கள் மத்திய சர்க்கார் ஊழியர்களாகவே, அயற்பணியில் உள்ளவர்களாகக் கருதப்படுவார்கள் என்று ஏற்பாடாயிற்று. 2004-க்கு முன் சேர்ந்தவர்களின் பென்ஷன் பழைய முறையில் இருக்க, பின்னர் சேர்ந்தவர்கள் முன்பே புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இம்மாறுதலால் தங்கள் பென்ஷன் என்னாகுமோ என்னும் ஆவடித் தொழிலாளரின் அச்சத்தை மிகையென்று ஒதுக்குவோர், அதே சாலையில் கிழக்கே சில மைல் சென்று டன்லப் நிறுத்தத்தைப் பார்க்கவேண்டும். எஜமானனின் பெயர் மாறும்போதே, ஓய்வூதியம் யார் கடமை என்பதைச் சந்தேகத்துக்கிடமின்றி எழுத்தில் வாங்கிக்கொள்வது விவேகம்.

இவ்வரலாற்றை முழுவதும் நோக்கும்போது நாம் அடையும் முடிபு ஒன்றே. கிளைவின் நிதி, அர்பத்நாட்டின் பெட்டகம், டன்லப்பின் கணக்கு, ஜெட் ஏர்வேஸின் பாக்கி ஆகிய எல்லாவற்றிலும், முதியவர்களைக் காப்பாற்றியது எஜமானனின் புகழோ பழமையோ அன்று; பணம் அவன் வீட்டுக்கு வெளியே, அவன் கைக்கு எட்டாத இடத்தில், தொழிலாளியின் பெயரில் இருந்ததா என்பதே. ஆதலால் கிராஜுட்டிக்கும் சேமநல நிதியைப் போலவே வெளியில் கட்டாய நிதி வேண்டும். எஜமானன் கட்டத் தவறிய பாக்கியைத் தொழிலாளிக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்ளும் உத்தரவாத நிதி ஒன்று சர்க்காரின் பொறுப்பில் வேண்டும். கதவடைப்புக் காலத்தைச் சேவையாகக் கணக்கிட வழி வேண்டும். ஆயிரம் ரூபாய் என்ற குறைந்தபட்ச ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து உயரவேண்டும்.

இவை சர்க்கார் செய்யவேண்டியவை. தொழிலாளர் தாமே செய்துகொள்ளக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு மாதத்து நிதியையும் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் எஜமானன் கட்டிவிடவேண்டும் என்பது விதி. அம்பத்தூர்ப் பேட்டையில் ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையாயினும், ஐயாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையாயினும், நிதிக்கென்று தம் சம்பளத்தில் பிடித்தம் உள்ள ஒவ்வொருவரும் பதினாறாம் தேதி தம் கணக்கைப் பார்க்கட்டும். சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் பத்திரமாக வைக்கட்டும். ஒரு மாதம் கட்டப்படவில்லையென்றாலும், கேட் மீட்டிங்கில் போனஸைப் பற்றிப் பேசும் முன்பு சங்கம் அதைப் பற்றிப் பேசட்டும். அம்பத்தூர் பெயரிலேயே சேமநல நிதியின் வட்டார அலுவலகம் ஒன்று இருக்கிறது, அங்கே எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும் நாளில் கேட்பதற்குத்தான் பலன் உண்டு.